அநாமதேய வீரனுக்கு ஒரு காவல்

வாஷிங்டன் நகரத்துக்கு எதிர்க்கரையில், பொடோமக் நதியை நோக்கிய மேட்டுநிலத்தில் பரந்துகிடக்கும் ஆர்லிங்டன் மயானத்திலே, பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறைக்கு முன்னால் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கும் சிப்பாயைக் காண்பவர்கள், அந்தச் சம்பிரதாயம் தொன்றுதொட்டு வருவதென்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதன் வயது ஒரு நூற்றாண்டுதான்; அதைத் தோற்றுவித்ததும் பொதுஜனங்களின் அசிரத்தையே.

முதல் உலக யுத்தத்தில் உருத்தெரியாமல் சிதைந்து மாண்டவர்கள் எண்ணிறந்தவர்களாக இருந்தமையால், 1920 நவம்பர் 11ஆம் தேதி லண்டனிலும் பாரிஸிலும் அடையாளம் அறியப்படாத வீரன் ஒருவனுக்கு ராஜ மரியாதை செய்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவும் அவ்வழியே சென்றது. பிரான்ஸிலுள்ள நான்கு அமெரிக்க மயானங்களிலிருந்து நான்கு சடலங்களை எடுத்து, ஷாலோன் என்னும் ஊரின் நகர மண்டபத்தில் வைத்தார்கள். எட்வர்ட் யங்கர் என்ற சார்ஜெண்ட் தனியே உள்ளே சென்று, ஒரு பெட்டியின்மேல் வெள்ளை ரோஜா மலர்களை வைத்துத் தம் தேர்வைத் தெரிவித்தார். ஒலிம்பியா என்ற போர்க்கப்பலில் வந்துசேர்ந்த அந்தச் சடலம், 1921 நவம்பர் 11ஆம் தேதி, ஜனாதிபதி ஹார்டிங் தலைமையில் ஆர்லிங்டனில் அடக்கமாயிற்று.

சடலத்தோடு சிரத்தையும் அடங்கிவிட்டது போலும். கல்லறையின்மேல் அப்போது இருந்தது தட்டையான சலவைக்கல் ஒன்றே. அங்கிருந்து பார்த்தால் தலைநகரம் மிக அழகாகத் தெரியும். ஆகவே குடும்பத்தோடு காற்று வாங்க வந்தவர்கள் அதன்மேலேயே சாவகாசமாக உட்கார்ந்து, கொண்டுவந்த சிற்றுண்டியைப் பிரித்து உண்டார்கள். இந்த அவமரியாதையைத் தடுப்பதற்கென்றே 1925இல் ராணுவத்தைச் சேராத காவலாள் ஒருவரும், 1926 மார்ச்சில் பக்கத்துப் பாசறையிலிருந்து சிப்பாய்களும் நியமிக்கப்பட்டனர். அவர்களுடைய காவலும் பகலோடு முடிந்தது. இரவிலும் காவல் என்ற ஏற்பாடு 1937இல்தான் வந்தது. இதற்கிடையே, 1932இல், இன்று நாம் படங்களில் காணும் பெரிய சலவைக்கல் சமாதி கட்டிமுடிந்தது. 1948இல் மூன்றாம் காலாட்படைப் பிரிவு காவல் பொறுப்பை ஏற்றது.

காவலின் நியமம் கடுமையானது. கல்லறைக்கு முன் விரித்த கறுப்பு விரிப்பில் இருபத்தொரு காலடி நடந்து, திரும்பிக் கல்லறையை நோக்கி இருபத்தொரு விநாடி நின்று, மீண்டும் திரும்பித் துப்பாக்கியைப் பார்வையாளர் இருக்கும் பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே நடக்கவேண்டும். இருபத்தொரு குண்டு மரியாதையை நினைவூட்டும் எண்ணிக்கை இது. கோடையில் அரைமணிக்கு ஒரு முறையும் குளிர்காலத்தில் மணிக்கு ஒரு முறையும் ஆள் மாறுகிறது. வாயில்களை மூடியபின் பார்க்க ஒருவரும் இல்லாத வேளையிலும் காவல் ஓய்வதில்லை. இவ்வளவுக்கும் சிகரமாக நான் கருதுவது வேறொன்று: மாண்டவனின் பதவி இன்னதென்று தெரியாதாகையால், அவனிலும் மேற்பட்டவனாகத் தோன்றலாகாது என்று, நடைக்காவலில் இருப்பவன் தன் பதவிச் சின்னத்தை அணிவதில்லை. எண்ணிக்கையும் விறைப்பும் பயிற்சியால் வந்துவிடும். இந்த அடக்கத்தை யோசித்து விதித்தவனுக்கு மரியாதையின் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. 1996இல் முதன்முறையாக ஒரு பெண்ணும் இந்தக் காவலுக்குத் தகுதி பெற்றார்.

1958இல் இரண்டாம் உலக யுத்தத்திலும் கொரியாவிலும் மாண்ட பெயரறியாத வீரர் இருவரும், 1984இல் வியட்நாமில் மாண்ட ஒருவரும் அங்கே சேர்க்கப்பட்டனர். 1998இல், வியட்நாம் குழியைத் திறந்து மரபணுச் சோதனை செய்தபோது, அதில் இருந்தவர் 1972இல் சுட்டுவீழ்த்தப்பட்ட விமானி என்று புலப்பட்டது. உடல் அவருடைய குடும்பத்தாரிடம் சேர்ந்தது. அந்தக் குழியில் வேறொருவரை வைக்காமல், காணாமற்போன வீரர்களின் நினைவுக்கென்று காலியாகவே விட்டுவிட்டார்கள். அது மிகவும் நியாயமான தீர்மானம். ஒரு துண்டு எலும்பைக்கொண்டே ஆளைக் கண்டறியும் விஞ்ஞானம் வந்துவிட்டபடியால், பெயரறியாத வீரன் இன்னொருவனை அங்கே அடக்கம் செய்யும் அவசியம் இனி நேர்வது அரிது.