பத்துமலையும் அங்குறையும் பிற உயிர்களும்

முருகப் பெருமான் குடிகொண்டருளும் பத்துமலையை அறியாத இந்துக்கள் நம் மலேசியத் திருநாட்டில் இலர் எனலாம். கம்போங் மேடான் வட்டார அன்பர்களும் ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியும் ஏந்தி அங்குச் செல்பவர்களே. 272 படிகளில் ஏறுகையில், உச்சியை எட்டுமுன் இடப்புறம் மற்றொரு குகையின் வாயில் தென்படும். அதனை இருட்டுக் குகை என்பர். ‘அரோகரா’ முழக்கத்தோடு மேலேறும் நமக்கு அப்பக்கம் திரும்பிப் பார்க்க நேரமிருப்பதில்லை. மனித குலத்தின் முன்னேற்றம் என்று நாம் போற்றுவதில் பிற உயிர்களின் நலனுக்கும் இடமுண்டா என்னும் வினாவை ஆராய, அக்குகையினும் பொருத்தமான இடம் இந்நாட்டில் அரிது.

இம்மலையைத் தெமுவான் பூர்வகுடி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1860களில் சீனக் காய்கறித் தோட்டக்காரர்கள் இக்குகைகளில் புகுந்து, வௌவால் எச்சத்தை உரமாக அள்ளிச் சென்றனர். 1878-இல் வில்லியம் ஹார்னடே என்னும் அமெரிக்கர் இங்கு வந்து எழுதிய பின்னரே வெளியுலகம் பத்துமலையை அறிந்தது. 1891-இல் தம்புசாமிப் பிள்ளை அவர்கள் மேற்குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது.

ஹார்னடேயைப் பற்றி இவ்விடத்தில் ஒரு செய்தி. அருங்காட்சியகங்களுக்காக விலங்குகளைச் சுட்டுச் சேகரிக்க வந்தவர் அவர். பின்னாளில் நியூயார்க் விலங்கியல் பூங்காவின் முதல் இயக்குநராகி, அழியும் நிலையில் இருந்த அமெரிக்கக் காட்டெருமையைக் காக்கப் பெரிதும் பாடுபட்டார். அதே பூங்காவில், 1906-இல், ஓட்டா பெங்கா என்னும் கொங்கோ நாட்டு இளைஞர் குரங்குகளுக்குரிய கூடத்தில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டதும் அவருடைய பொறுப்பிலேயே. விலங்கிடம் பரிவு காட்டுவோர் மனிதரிடமும் பரிவு காட்டுவர் என்று நாமாக எண்ணிக்கொள்ளுதல் ஆகாது. ‘முதலில் மனிதனைப் பாருங்கள், பிறகு வௌவாலைப் பார்க்கலாம்’ என்று கூறுவோரின் ஐயத்தில் இவ்வளவு நியாயம் உண்டு.

ஆயினும், முன்னேற்றக் கணக்கில் விடுபட்டுப் போவது இன்னதென்று நம்மவர்க்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1950களில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, நிலத்தின் விலை கணக்கில் இருந்தது. லயத்து வீடுகளில் இருந்தோர் எங்கே போவர் என்பது கணக்கில் இல்லை. அந்நிலை கண்டே துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அதே வகைக் கணக்குத்தான் பத்துமலையின் பக்கங்களிலும் நடைபெற்றது. வளர்ந்துவரும் கோலாலம்பூருக்குச் சாலை வேண்டும், கட்டடம் வேண்டும். அவற்றுக்குச் சுண்ணாம்புக் கல் வேண்டும். மலையை வெடி வைத்துப் பிளந்தனர். அதிர்வினால் குகைகளுக்கும் திருக்கோயிலுக்கும் ஊறு நேருமோ என்ற கவலை எழுந்தது. பக்தர்களின் குரலும் இயற்கை ஆர்வலர்களின் குரலும் ஒருங்கே ஒலிக்க, 1980களின் தொடக்கத்தில் கல்லுடைப்பு நின்றது. வேலவன் அங்கு எழுந்தருளியிராவிடில் இன்று அம்மலையில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் கோயிலில்லாக் குன்றுகளின் கதி நாம் கண்டதே.

கல்லுடைப்பு நடந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது. இக்குகையில் உறையும் வௌவால்களுள் ஒருவகை, பூக்களின் தேனையும் மகரந்தத்தையும் உண்டு வாழ்வது. ஸ்டார்ட், மார்ஷல் என்னும் இரு ஆய்வாளர்கள் இதன் உணவை ஆராய்ந்து 1976-இல் வெளியிட்டனர். நாம் விரும்பி உண்ணும் டுரியானின் பூ, மாலையில் மலர்ந்து இரவில் தேன் சுரக்கும். டுரியான் மரங்களுள் பெரும்பாலானவை பிற மரத்தின் மகரந்தம் சேர்ந்தாலன்றி நன்கு காய்ப்பதில்லை. அம்மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமந்து செல்வதில் இவ்வௌவாலுக்குப் பெரும்பங்கு உண்டு. பெத்தாய் மரத்திற்கும் இதுவே துணை.

டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்களே. மற்றை நாட்களில் வௌவால் எதை உண்ணும்? கடலோரச் சதுப்புநிலத்துப் பெரெம்பாங் வகை மரங்கள் ஆண்டு முழுவதும் பூப்பவை. கோலசிலாங்கூரில் மின்மினிகள் மொய்த்து ஒளிர்வதைக் காணப் படகேறிச் செல்கிறோமே, அதே மரம்தான். அப்பூக்களை நாடி இவ்வௌவால்கள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவும் பறக்கின்றன. ஆதலின், குகையைக் காத்துக் கடலோரக் காட்டை அழித்தால் வௌவால் பட்டினி கிடக்கும். காட்டைக் காத்துக் குகையைத் தகர்த்தால் உறைய இடமிராது. இரண்டில் எது நேரினும், இடையிலே இருக்கும் பழத்தோட்டக்காரர் காரணம் அறியாமலே கைபிசைந்து நிற்பார். இருட்டுக் குகை வௌவால்களின் எச்சத்தை ஆராய்ந்து 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அவை 50-க்கும் மேற்பட்ட தாவர வகைகளை நாடுவதைக் கண்டது. நம் வீட்டு வேலியோரம் நிற்கும் வாழை இனமும் அவற்றுள் ஒன்று.

இதுவரை சொன்னது எளிய பகுதி. வௌவால் டுரியான் தருகின்றது. ஆதலால் அதனைக் காப்போம் என்பதில் எவர்க்கும் மறுப்பிராது. அது பரிவு அன்று, வியாபாரம்.

அதே இருட்டுக் குகையின் சுவர்களில் ஒரு சிலந்தி வாழ்கின்றது. 1923-இல் அறிவியல் நூல்களில் இடம்பெற்ற அது, பத்துமலையின் பெயரையே தன் பெயரில் தாங்கி நிற்பது. சிறு வளை கட்டி, அதற்கு ஒரு கதவும் அமைத்து, வாயிலிலிருந்து நூலிழைகளைப் பரப்பி, இழை அதிர்ந்ததும் கதவைத் திறந்து இரையைப் பற்றும். பிற சிலந்திகள் இழந்துவிட்ட வயிற்றுக் கண்டங்கள் இதற்கு இன்னும் உள்ளன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழைமையுடைய குலம் அது. அதனால் நமக்கு என்ன பயன்? யாதொன்றும் இல்லை. காய் தராது, உரம் தராது, காசும் தராது.

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்ததை மேடைதோறும் பேசிக் கைதட்டல் பெறுகிறோம். மயிலால் தனக்கு ஆகும் இலாபத்தை அவன் எண்ணினானில்லை. திருக்கோயிலும் அத்தகையதே. விற்றால் நல்ல விலை போகும் நிலத்தை, விலை பேசாமல் ஒதுக்கி வைப்பதன்றோ கோயில் கட்டுதல்? பயனுக்கு அப்பாற்பட்டும் மதிப்புடையவை உலகில் உண்டு என்பதை நாள்தோறும் ஒப்புக்கொள்ளும் நாம், அச்சிலந்தியின் இருப்புக்கு ஏது கேட்பது முறையாகாது.

நாமும் மலைக்கு மாறுதல் செய்தவர்களே. 1920-இல் மரப்படிகள் அமைந்தன, பின்னர்க் கற்காரைப் படிகள், 2006-இல் 42.7 மீட்டர் உயரத் திருவுருவச் சிலை. பக்தர் வசதி கருதிச் செய்தவற்றில் குறை காண்பதற்கில்லை. ஆனால், தைப்பூசம் முடிந்த மறுநாள் படியோரம் குவிந்து கிடக்கும் நெகிழிப் பைகளை வேண்டுதல் என்று கூற இயலாது. வேடிக்கைக்காக வேர்க்கடலையும் வாழைப்பழமும் கொடுத்துக் குரங்குகளைப் பழக்கிவிட்டு, பின் அவை அர்ச்சனைத் தட்டைப் பறிக்கின்றன என்று நோவதும் நாமே. 2012-இல் மலையடிவாரத்தருகே 29 மாடிக் குடியிருப்பு எழும்பவிருந்தபோது, திரண்டெழுந்து எதிர்த்தோம்; பணி நிறுத்தப்பட்டது. அன்று நம் பதாகைகளில் இருந்தது கோயிலின் பாதுகாப்பே. வௌவாலையும் சிலந்தியையும் நினைத்தவர் சிலர்.

பொதுமக்களுக்கு இருட்டுக் குகை 2019-இல் மூடப்பட்டது. எனினும் அதன் வாயில் நாம் ஏறும் படியோரத்தில்தான் உள்ளது. ஒலிபெருக்கியையும் மின்விளக்கையும் அவ்வாயிலை நோக்கித் திருப்பாமல் வைத்தல், நீர்ப்பந்தல் அமைப்போர் குப்பையை அன்றன்றே அகற்றுதல் ஆகியவற்றுக்குப் பெரும் பொருட்செலவில்லை. அடுத்த தைப்பூசத்திற்கு நம் வட்டாரத்திலிருந்து செல்லும் பேருந்துகளின் பொறுப்பாளர்கள் இவ்விரண்டையும் புறப்படுமுன் அன்பர்களிடம் சொல்லி வைக்கலாம்.