இருபதினாயிரம் அபின் பெட்டிகள்



ஒருவன் போதைக்கு அடிமையானால் அதை அவனுடைய மனத்தளர்ச்சி என்று சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். ஒரு தேசமே அடிமையாகுமானால் யாரைக் குறை சொல்வது? சீனத்தின் சரித்திரத்தைப் படிக்கும்தோறும் இக்கேள்வி என் மனத்தில் எழுகின்றது.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே உறைந்து அபின் ஆகிறது. நோவைத் தணிப்பதில் அது சிறந்த மருந்துதான். ஆனால் நாள்தோறும் புகைப்பவனுடைய உடல் அதற்குப் பழகிவிடும்; நேற்றைய அளவு இன்று போதாது. நிறுத்தினாலோ உடல்வலியும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உறக்கமின்மையும் வாட்டும். இன்பத்திற்காகத் தொட்டவன், பின்பு துன்பத்திற்கு அஞ்சியே அதைப் பற்றிக்கொள்கிறான். வாங்கியவன் விலகவே முடியாத சரக்கு. வணிகனுக்கு வேறென்ன வேண்டும்!

சீனப் பேரரசர் 1729-லேயே அபின் புகைப்பதற்கு எதிராக ஆணை பிறப்பித்தார். அப்போது ஆண்டுக்குச் சுமார் 200 பெட்டிகளே அங்கு இறங்கின. 1838-லோ ஏறத்தாழ 40,000 பெட்டிகள்! ஆங்கிலேயருக்குச் சீனத் தேயிலை வேண்டும். சீனருக்கு ஆங்கிலச் சரக்கில் அத்துணை நாட்டமில்லை. தேயிலைக்கு ஈடாக வெள்ளியைக் கொட்டிக்கொடுக்க மனமில்லாத கிழக்கிந்தியக் கம்பெனியார் கண்ட வழியே அபின். அது விளைந்தது நம் நாட்டில் என்பதையும் மறைப்பதற்கில்லை. பீகாரிலும் காசியைச் சுற்றியும் குடியானவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு கம்பெனிக்கே பயிரிட்டனர். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் உருண்டைகளாகத் திரட்டிய அபின், கல்கத்தாவில் ஏலம் போயிற்று. தடுக்கப்பட்ட சரக்கைச் சீனத்திற்குக் கொண்டுசெல்லும் வேலையைத் தனி வணிகர் பார்த்துக்கொண்டனர். கம்பெனிக்குக் காசு மட்டும் வந்தது.

1839 மார்ச்சில் பேரரசரின் ஆணையுடன் கான்டன் நகருக்கு வந்தார் லின் ட்சேஷு. நேர்மைக்குப் பெயர்பெற்ற அதிகாரி அவர். அயல்நாட்டு வணிகரை அவர்தம் பண்டகசாலைகளிலேயே அடைத்துவைத்து, 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பெற்றார். எரித்தால் மண்ணில் ஊறியதைத் தோண்டியெடுத்து மறுபடியும் விற்பார்களே! ஆகவே ஹூமன் என்னுமிடத்தில் குளம் வெட்டி, உப்புநீரில் அபினை ஊறவைத்து, சுண்ணாம்பு கொட்டிக் கரைத்துக் கடலில் விடச்செய்தார். ஜூன் 3-ல் தொடங்கிய அப்பணி மூன்று வாரங்களுக்கு மேல் நடந்தது. நீர்வாழ் உயிர்களுக்கு நேரும் தீங்கைப் பொறுத்தருளுமாறு கடல் தெய்வத்தை அவர் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். அபின் விற்றவர்கள் மனிதர்களுக்காகக்கூட அவ்வளவு கவலைப்படவில்லை.

மறுமொழியாகப் போர்க்கப்பல்கள் வந்தன. 1840-ல் லண்டன் பாராளுமன்றத்தில் கிளாட்ஸ்டன் முதலியோர் இப்போரைக் கண்டித்துப் பேசினர். ஆயினும் 9 வாக்குகள் மிகுதியால் அரசாங்கம் தப்பியது. 1842-ல் நான்கிங் உடன்படிக்கையின்படி சீனம் ஹாங்காங்கை இழந்தது. 210 லட்சம் வெள்ளி டாலரும் கொடுக்க நேர்ந்தது. அதில் 60 லட்சம், கரைத்துவிட்ட அபினுக்கு விலை. அபின் வணிகத்தை நிறுத்துவது பற்றி அவ்வுடன்படிக்கையில் ஒரு வரியும் இல்லை. அது கையெழுத்தான நாட்களில் லின் தம் பதவியை இழந்து, தண்டனையாக, மேற்கு எல்லையிலுள்ள இலியை நோக்கிப் பயணப்பட்டுக்கொண்டிருந்தார்.