கப்பலுக்கு வழி கண்டோம், லாரிக்கு?

நடுவர் அவர்களே! என் அணியின் தோழர்களே! என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி அன்பர்களே! வீட்டில் காபி டம்ளரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

'துறைமுகத்தின் வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது கடல்வழியா, கரைவழியா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "கப்பல் இல்லாம துறைமுகம் ஏது?" என்று கேட்டுவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துட்டாங்க. நான் ஒன்று கேட்கிறேன். ஆயிரம் பேர் உட்காருகிற கல்யாண மண்டபம் கட்டியாச்சு. குளிர்சாதனம் உண்டு, பளிங்குத் தரை உண்டு. ஆனா வாசல் ஒரு முட்டுச்சந்துக்குள்ளே! மாப்பிள்ளை ஊர்வலம் சந்துமுனையிலே நிக்குது. முகூர்த்தம் போய்க்கிட்டிருக்கு. மண்டபம் பெரிசு, மண்டபம் பெரிசுன்னு சொல்லி யாருக்கு என்ன லாபம்? (சிரிப்பு)

நம் பழைய புலவனுக்கு இது தெரிந்திருந்தது, ஐயா. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவை வருணிக்கிறார். கடல்வழியாக வந்த குதிரைகளைச் சொன்ன கையோடு, நிலத்தின் வழியே வண்டியில் வந்த மிளகு மூட்டைகளையும் சொல்கிறார். கப்பல் சரக்கும் வண்டிச் சரக்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. துறைமுகத்துக்கு இரண்டு வாசல் என்பது அந்தப் புலவனுக்குத் தெரிந்தது. நமக்குத்தான் அடிக்கடி மறந்துபோகுது.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்கே இடம் வாங்கியபோது துறைமுகம் கிடையாது. வெறும் மணற்கரை, சீறுகிற அலை. கப்பல்கள் தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகு என்று ஒன்று, ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு, அலையில் வளைந்து கொடுத்து ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். ஆணி அடித்த படகை அலை உடைத்துவிடும். தைத்த படகு தாங்கும். எவ்வளவு பெரிய அறிவு பாருங்க, நம்ம மீனவனுக்கு! (கைதட்டல்)

1861இல் கடலுக்குள் நீட்டிய இரும்புத் தூண் பாலம் ஒன்று வந்தது. 1875இல் அலைதடுப்புச் சுவர்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881இல் புயல் வந்து அந்தச் சுவர்களைச் சிதைத்துப் போட்டது. விட்டார்களா? மறுபடியும் கட்டினார்கள். முதலில் வாசல் கிழக்கே பார்த்து இருந்தது. அலையும் மணலும் உள்ளே வந்தன. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர் அந்த வாசலை அடைத்து, வடகிழக்கே புது வாசல் திறந்தார். கணித மேதை இராமானுஜன் 1912இல் எழுத்தராகச் சேர்ந்தது இதே ஸ்பிரிங்கிடம்தான். புயல் உடைத்தால் கட்டு, மணல் மூடினால் வாசலைத் திருப்பு! கடல் பக்கத்து வாசலுக்காக இப்படி ஒரு தவமே செய்திருக்கிறோம்.

கரைப் பக்கம் என்ன நடந்தது? மாட்டுவண்டிக் காலத்திலும் ரயில் காலத்திலும் சமாளித்தோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட இராயபுரம், துறைமுகத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாய், விறகும் உப்பும் சுமந்து வந்தது. பிறகு வந்தது பாருங்க, ஒரு பெட்டி! 1983இல் இந்தியாவிலேயே கன்டெய்னருக்கென்று தனியாக அமைந்த முதல் முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் மூட்டையைத் தலையில் சுமக்கலாம், கைவண்டியில் தள்ளலாம், மாட்டுவண்டியில் ஏற்றலாம். நாற்பதடி இரும்புப் பெட்டியை? டிரெய்லர் லாரி வேண்டும். அது திரும்ப அகலமான சாலை வேண்டும். ஒரு கப்பல் வந்தால் நூற்றுக்கணக்கில் அந்த லாரிகள் வேண்டும்.

1998இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. தொழிற்சாலைகள் மேற்கே பெருகின. துறைமுகம் கிழக்கே. நடுவில் நம்ம ஊர்! துறைமுகத்துக்கு மேற்கே ஜார்ஜ் டவுன், தெற்கே கோட்டையும் கூவம் முகத்துவாரமும், வடக்கே காசிமேடு. மூன்று பக்கமும் முந்நூறு ஆண்டுச் சரித்திரம் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றுவழிச் சாலையும் பெங்களூர் நெடுஞ்சாலையும் கூடுகிற மதுரவாயலில் லாரிகள் பிரிந்து போக வளைவுகளோடு மேம்பாலம் கட்டினோம். லாரி அங்கே வரைக்கும் ராஜா மாதிரி வரும். அங்கிருந்து துறைமுகத்துக்கு? பகலில் நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை. சரி, மாதவரம், மணலி, திருவொற்றியூர் என்று வடக்கே சுற்றிப் போனால், எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நாள்கணக்கில் நிற்கும். "சிங்கப்பூர்க் கப்பல் வந்து சேர்ந்துடும், ஸ்ரீபெரும்புதூர் லாரி வந்து சேராது" என்று கேலி பேசுகிற நிலைமை. (சிரிப்பு)

சிரிக்கிறோம். அந்த வரிசையில் நின்ற ஓட்டுநருக்கு அது சிரிப்பில்லீங்க. குளிக்க இடமில்லை, சமையல் வண்டிக்குக் கீழே. முன்வண்டி நகர்ந்தால் நகரணும் என்பதால் தூக்கமும் இல்லை. கப்பல் குறித்த நேரத்தில் கிளம்பிடும். பெட்டி சேரவில்லை என்றால் அடுத்த கப்பல்தான். அந்தச் சாலை ஓரத்தில் வாழ்கிற திருவொற்றியூர்த் தாய், பள்ளிக்கூடம் போன பிள்ளை இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்து வர வேண்டுமே என்று வாசலிலேயே நிற்கிறாள். அவளுக்குக் கப்பலும் தெரியாது, கன்டெய்னரும் தெரியாது. ஆனால் துறைமுகத்தின் சுமையில் ஒரு பங்கை அவளும் சுமக்கிறாள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடலுக்குள் நீட்டிய அந்த அலைதடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே போகிற மணலைத் தடுத்துவிட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே கடல் கரையைத் தின்றது. எந்தக் கரையை? எண்ணூர் நெடுஞ்சாலை ஓடுகிற அதே கரையை! அப்புறம் கல்லைக் கொட்டினோம், தூண்டில் வளைவு போட்டோம். கப்பலுக்காகக் கட்டிய சுவர், லாரி போகிற சாலைக்கே பகையானது. கடல்வழியை மட்டும் பார்த்ததன் விலை இது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

முயற்சியே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணூர், மணலிப் பக்கத்துச் சாலைகளை, சுமார் முப்பது கிலோமீட்டர், அகலப்படுத்தும் திட்டத்தை 1990களின் இறுதியில் பேசத் தொடங்கினார்கள். வேலை தொடங்க 2011 ஆனது. மதுரவாயலிலிருந்து துறைமுகம் வரை சுமார் 19 கிலோமீட்டருக்குப் பறக்கும் சாலை என்றார்கள். 2009இல் அடிக்கல், மதிப்பு 1,600 கோடிக்கு மேல். கூவத்தின் ஓரமாகத் தூண்கள் எழுந்தன. 2012இல் வேலை நின்றது. ஆற்றுக்குள் தூண் நின்றால் வெள்ளம் போக வழி எங்கே என்றது மாநில அரசு. வழக்கு நடந்தது. 2014இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆனாலும் வேலை நகரவில்லை. தூண்கள் மட்டும் தலையில் ஒன்றும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்றன. பறக்கும் சாலைன்னாங்க, கடைசியிலே பறந்தது காக்கா மட்டும்தான். (பலத்த சிரிப்பு)

நான் எந்தக் கட்சியையும் இழுக்கவில்லை. வெள்ளத்தைப் பற்றிய கேள்வி தப்பான கேள்வியும் இல்லை. 2015 டிசம்பர் மழையைக் கண்ட ஊர் இது. ஆற்றுக்கும் வழி வேண்டும், லாரிக்கும் வழி வேண்டும். இரண்டு பேரும் ஒரே பாதையைக் கேட்டால் உட்கார்ந்து பேசித்தான் தீரணும். அதற்குப் பத்து ஆண்டு ஆனதுதான் என் வருத்தம். 2022 மே மாதம் மாநில அரசு, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், துறைமுகம், கடற்படை ஆகிய நாலு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதே மாதம் மறுபடியும் அடிக்கல். இந்த முறை இரண்டடுக்கு: கீழடுக்கு ஊர் வண்டிகளுக்கு, மேலடுக்கு துறைமுக லாரிகளுக்கு. மதிப்பு 5,800 கோடிக்கு மேல். அடுக்கு கூடியதால் செலவு கூடியது உண்மை. தாமதத்தின் வட்டியும் அதில் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

எதிரணி நண்பர்களே, இதுதான் என் வாதத்தின் சாரம். கடலை வெல்லப் பொறியாளர் போதும். கல்லும் காசும் போதும். புயல் உடைத்தால் ஸ்பிரிங் மாதிரி ஒருவர் வந்து வாசலைத் திருப்பிவிடுவார். கரையில் ஒவ்வொரு அடி மண்ணும் ஒருவருக்குச் சொந்தம். மீனவனைக் கேட்கணும், ஆற்றைக் கேட்கணும், கடைக்காரனைக் கேட்கணும், இரண்டு அரசும் ஒரே மேசையில் உட்காரணும். கடல்வழி திறமையால் அமையும்; கரைவழி ஒற்றுமையால்தான் அமையும். அரிதாகக் கிடைப்பது எது? ஒற்றுமைதானே! (கைதட்டல்)

நாம் பேசிக்கொண்டே இருந்தபோது சரக்கு காத்திருக்கவில்லை. 2001இல் எண்ணூரில் துறைமுகம் வந்தது, பிறகு காட்டுப்பள்ளியில் வந்தது. பெட்டிகளில் ஒரு பங்கு வடக்கே போய்விட்டது. சென்னைத் துறைமுகத்தின் கடல் ஆழம் குறைந்தா போனது? வழி நெருக்கியதும் ஒரு காரணம் இல்லையா?

மசூலாப் படகு நமக்குக் கற்றுத் தந்தது ஒன்றுதான். ஆணி அடித்து இறுக்கினால் உடையும். தைத்துக் கட்டினால் தாங்கும். ஊரையும் துறைமுகத்தையும், ஆற்றையும் சாலையையும் அப்படித் தைத்துக் கட்டுகிற வேலை கரையில்தான் நடக்கணும். ஆகவே, துறைமுகத்தின் வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது கரைவழியே, கரைவழியே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)