கீழாநெல்லி முதல் தடுப்பூசி வரை: தமிழகத்தில் ஹெபடைட்டிஸ்-பி ஆய்வு நடந்த வழி

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளருக்குப் புடவைக் கணக்கில்தான் கூலி. காமாலை கண்டு படுத்தால் தறி நிற்கும், வருமானமும் நிற்கும். அப்போது வீட்டார் முதலில் தேடுவது கீழாநெல்லியை. தமிழகமெங்கும் வேரூன்றிய இந்த வழக்கம் ஆய்வுக்கூடத்துக்குள் வந்த வரலாற்றையும், அதனால் நாம் பெற்ற தெளிவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலிகைக்கு நற்பெயர் வந்த விதம்

காமாலை ஒரு நோயன்று, பல நோய்களின் அறிகுறி. மாசுபட்ட குடிநீர், உணவு வழியே பரவும் ஹெபடைட்டிஸ்-ஏ, ஹெபடைட்டிஸ்-இ வைரஸ்களால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அந்த நாட்களில் எந்த மருந்து கொடுத்தாலும் குணமான பெருமை அம்மருந்துக்கே போகும். ஹெபடைட்டிஸ்-பி வேறு வகை. இரத்தம், உடலுறவு, பிரசவம் வழியே தொற்றி, பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கி, கல்லீரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

தரமணியில் நடந்த சோதனை

பாரூக் புளும்பெர்க் 1965-இல் அறிவித்த 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்', ஹெபடைட்டிஸ்-பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று பின்னர் தெளிவானது. அவருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் இர்விங் மில்மனும் தடுப்பூசிக்கான வழிமுறையை வகுத்தார்கள். 1987-இல் அதே இருவரும் பி.எஸ். வெங்கடேஸ்வரனும் சேர்ந்து, கீழாநெல்லி இனச் செடியின் சாறு இவ்வைரஸின் செயல்பாட்டைத் தடுப்பதாக பிலடெல்பியாவிலிருந்து ஆய்வு வெளியிட்டனர்.

மனிதர்களிடம் அதைச் சோதித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். வைரஸ் உடலில் தங்கியிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு பிரிவினருக்கு வெற்று மருந்தும் தரப்பட்டன. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜன் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. 1988-இல் 'லான்செட்' இதழில் வந்த இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது.

மறுசோதனைகளின் தீர்ப்பு

தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிடைக்கவில்லை. செடியின் வகை, விளைந்த மண், பறித்த பருவம் எல்லாம் மாறக்கூடியவை. ஆரம்ப ஆய்வில் பங்கேற்றோரும் சிலரே, கண்காணித்த காலமும் குறுகியது. பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2011-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இம்மூலிகையைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. இதனால் தரமணி ஆய்வின் மதிப்பு குன்றவில்லை. நம்பிக்கையாக மட்டும் இருந்த ஒன்றை ஒப்பீட்டுச் சோதனைக்குக் கொண்டுவந்து, பிறர் சரிபார்க்கும் வடிவில் உலகின்முன் வைத்தது அதன் சாதனை.

தடுப்பூசியின் காலம்

நோயைத் தடுப்பதில் உறுதியான பலன் தடுப்பூசியால் கிடைத்தது. பச்சிளம் பருவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்கும். பெரியவர்களிடம் அது நூற்றில் ஐவருக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும் என்பது இதனால்தான். இந்தியாவில் 2002-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இத்தடுப்பூசித் திட்டம், 2011-இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தமிழகமும் கேரளமும் இதை உள்ளடக்கிய ஐந்து-நோய்த் தடுப்பூசியை முதலில் ஏற்றன. தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018-இல் வந்தது.

முடிவுரை

காஞ்சிபுரம் போன்ற ஊருக்கு இவ்வரலாறு இரு கடமைகளைச் சொல்கிறது. 2019-இல் அத்திவரதரைத் தரிசிக்க 48 நாட்கள் திரண்ட பெருங்கூட்டம்போல் மக்கள் கூடும் இடத்தில் குளோரின் கலந்த குடிநீரும் கழிப்பறையும் நீர்வழிக் காமாலையைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கான இரத்தப் பரிசோதனையும் பிறந்த குழந்தைக்கான ஊசியும் ஹெபடைட்டிஸ்-பியைத் தடுக்கும். காமாலை கண்டவருக்கு இரத்தப் பரிசோதனையில் எந்த வைரஸ் என்று தெரிந்த பின்பே மருத்துவத்தை முடிவுசெய்ய வேண்டும். மருந்தை நம்புமுன் நோயின் காரணத்தைக் கண்டறியச் சொல்வதே தரமணி ஆய்வும் மறுசோதனைகளும் சேர்ந்து தரும் பாடம்.