பேரரசர் வாங்கிய செபமாலை

1583-ஆம் ஆண்டில் புனித உரோமைப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் தம் அரசவையை வியன்னாவிலிருந்து பிராக் நகருக்கு மாற்றிக்கொண்டார். இளமையில் ஸ்பெயின் நாட்டில், தாய்மாமன் இரண்டாம் பிலிப்பின் அரண்மனையில் வளர்ந்தவர், மணம் புரியாதவர், தனிமை விரும்பி. அயல்நாட்டுத் தூதர்கள் பேட்டிக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடப்பர். அவரோ தாம் சேர்த்த பொருள்களின் நடுவே பொழுது போக்கிக்கொண்டிருப்பார்.

அக்கூடங்களுக்குள் நாமும் ஒருமுறை நுழைவதாக எண்ணிக்கொள்வோம். கடிகாரங்கள், வானியற் கருவிகள், காண்டாமிருகக் கொம்பில் கடைந்த கிண்ணங்கள். ஆட்டின் வயிற்றில் விளைந்த கற்கள், நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையில் பொன்னில் பதிக்கப்பட்டுள்ளன. புரூமோவ் நகர்ப் பெனடிக்ட் சபை மடத்திலிருந்து 1594-இல் பெற்ற, ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள கையெழுத்து விவிலியமும் அங்கே இருக்கிறது. அர்ச்சிம்போல்தோ வரைந்த பேரரசரின் படத்தில் மூக்கு ஒரு பேரிக்காய். முகமெல்லாம் பழமும் காயும் கதிருமே. தம்மைக் காய்கறிக் கூடையாக்கிய படத்தைப் போற்றி வைத்திருந்தவரை வெறும் சிடுமூஞ்சி என்றெண்ண எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அவருடைய உள்ளத்தைக் காட்டுவது வேறொரு படம். வெனிஸ் நகரில் ஜெர்மானிய வணிகர்கள் தங்கள் செபமாலைச் சபைக்காகப் புனித பர்த்தலமேயு ஆலயத்தில் வைத்திருந்த பீடப்படம் அது. அல்பிரெக்ட் டியூரர் 1506-இல் வரைந்தார். கூலி 110 ரைன் பொற்காசுகள். நகரத் தலைவரும் மறைமுதுவரும் நேரில் வந்து பார்த்ததாக நண்பருக்குப் பெருமையோடு எழுதினார். மரியன்னையும் குழந்தை இயேசுவும், சாமிநாதர் என்று நாம் வழங்கும் புனித தோமினிக்கும், சூழ்ந்திருப்போர்க்கு ரோசா மாலை சூட்டுகின்றனர். செபமாலை என்னும் சொல்லில் நாம் மறந்துவிட்ட பூமாலை அங்கே கண்ணெதிரே இருக்கிறது.

நூறாண்டு கழித்து ருடால்ஃப் அதை விலைக்கு வாங்கினார். வண்டியின் குலுக்கலுக்கு அஞ்சி, கம்பளத்திலும் மெழுகுத்துணியிலும் சுற்றிக் கழிகளில் கட்டி, வலிய ஆட்களின் தோள்மேல் ஆல்ப்ஸ் மலை கடந்து கொண்டுவரச் செய்தார் என்று, அந்நூற்றாண்டிலேயே சாந்த்ரார்ட் என்னும் ஓவியர் எழுதிவைத்தார். நம் ஊர்த் தேர்ப்பவனியில் சுரூபம் வரும் கோலமே நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தப் பவனி ஆலயத்தை நோக்கியதன்று; ஆலயத்தினின்று புறப்பட்டது. மக்கள் முழந்தாளிட்டுச் செபித்த படம் ஒருவர் மட்டும் காணும் பொருளாயிற்று. சட்டப்படி குற்றமில்லை, விலை கொடுத்துத்தான் வாங்கினார். அந்த ஆலயத்தின் வெற்றுப் பீடத்தை நினைக்கையில் மட்டும் என் மனம் அவர் பக்கம் சாய மறுக்கிறது.

படத்தில் அன்னையின் முன் முழந்தாளிட்டிருப்பவர் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன். அவர் ருடால்ஃபின் பாட்டனாருக்குப் பாட்டனார். அவருடைய மணிமுடியும் எதிரே இருக்கும் திருத்தந்தையின் மும்முடியும் தரையில் கிடக்கின்றன. படம் பிராக் வந்த காலத்தில் தம்பி மத்தியாஸ் ருடால்ஃபின் முடிமீது கண் வைத்திருந்தார். 1608-இல் ஹங்கேரி போயிற்று. 1611-இல் பொகேமியாவும் போயிற்று. தனியறையில், விளக்கொளியில், தரையில் கிடந்த அந்த முடியை அவர் எத்தனை முறை உற்றுநோக்கியிருப்பார்! முன்னோர் அதைத் தாமாக இறக்கி வைத்தார். இவரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. 1612 சனவரியில் இறந்தார்.

சேர்த்தவை சிதறின. 1648-இல் சுவீடன் படை கோட்டையைச் சூறையாடியது. பழமுகப் படமும் பெரிய விவிலியமும் இன்றும் அந்நாட்டிலேயே உள்ளன. டியூரரின் படம் தப்பியது, ஆனால் போர்க்கால இடமாற்றங்களில் சிதைந்தது. 1782-இல் ஏலத்தில் அற்ப விலைக்குப் போய், பின்னர் பிராக்கின் ஸ்திராகோவ் துறவு மடத்தை அடைந்து, 1934-இல் செக்கோஸ்லோவாக்கிய அரசால் வாங்கப்பட்டது. நடுப்பகுதியில், மரியன்னையின் முகத்தில், இன்று காண்பது பெரும்பாலும் பிற்காலத்தார் தூரிகை. வலப்புறத்து மரத்தடியில் நிற்கும் டியூரர் மட்டும், இதை ஐந்தே மாதத்தில் முடித்தேன் என்றெழுதிய தாளைப் பிடித்தபடி நம்மைப் பார்க்கிறார்.