கட்டை பழசு, பாஷை புதுசு

ஹாமண்ட் ஆர்கன் வந்தது 1935-ல். டேவ் ஸ்மித், இக்குதாரோ ககேஹாஷி முயற்சியில் மிடி வந்தது 1983-ல். 48 வருஷ இடைவெளி. ரெண்டுக்கும் எப்படிங்க ஒத்துப்போச்சு?

ஹாமண்டுக்குள்ள டோன்வீல் என்கிற பல்சக்கரங்கள் சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்பது காண்டாக்ட். கட்டையை அழுத்தினா அவை ஒட்டும், சத்தம் வெளியே வரும். சுவிட்ச் மாதிரிதான்; அழுத்தும் வேகம் கணக்கே இல்லை. மிடியும் சத்தத்தை அனுப்பாது. எந்தக் கட்டையை எப்போ அழுத்தினாங்க, எப்போ விட்டாங்கன்னு தகவல் மட்டும்தான். ஆக, கட்டைக்கு இன்னொரு சுவிட்ச், கவனிக்க ஒரு சிப், முடிஞ்சது வேலை!

சிலர் டோன்வீலைக் கழற்றிட்டுக் கட்டைகளை மட்டும் வச்சுக்கறாங்க. என்னைக் கேட்டா, வேண்டாம். டோன்வீல் தயாரிப்பு 1970-களின் நடுவிலேயே நின்னாச்சு. மிடி கூடவே இருந்துட்டுப் போகட்டுமே.