குளிர்ந்த கடலும் எமது கடலும்



சுழியோடுவது எமது கரையோரத்தின் பழைய தொழில். 1344 இல் புத்தளம் வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் கண்ட முத்துக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1905 இல் மன்னார் முத்துக்குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரபு நாட்டுச் சுழியோடிகளும் கீழக்கரை முஸ்லிம்களும் அங்கு இறங்கியவர்களில் அடங்குவர்.

காலில் கல், கையில் கூடை, மேலே கயிறு பிடிக்க ஒருவர். மார்ச், ஏப்ரலில் கடல் நீர் 28 பாகை செல்சியசுக்குக் குறையாது. இடுப்புத் துணி போதும். 5 முதல் 10 பாகம் ஆழத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் இருப்பார்கள். மூச்சு முட்டினால் மேலே வந்தே ஆக வேண்டும்.

கொரியாவில் 'ஹேன்யோ' எனப்படும் பெண்களும் இப்படியே மூச்சடக்கி மூழ்கினார்கள். ஆனால் குளிர்காலத்தில் அந்தக் கடல் 10 பாகை வரை இறங்கும். நீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். பருத்தி உடையுடன் அரை மணி நேரம் தாங்குவதே பெரிது. நடுங்கியபடி கரையேறி நெருப்பருகே குந்துவார்கள். 1970களில் ரப்பர் உடை வந்தபின் மணிக்கணக்கில் கடலில் நின்றார்கள். ஆயினும் சிலிண்டரை அவர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. 2016 இல் யுனெஸ்கோ அந்த மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது.

அங்கே குளிரும் மூச்சும் சேர்ந்து சுழியோடிக்கு எல்லை வைத்தன. இங்கே மூச்சு மட்டும்தான் வைத்தது. 1943 இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய சுவாசக் கருவியின் வழிவந்த சிலிண்டர், அந்த ஓர் எல்லையையும் எடுத்துவிட்டது.

இன்று கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் எம் பிள்ளைகளைக் குளிர் மேலே விரட்டுவதில்லை. ஒரு சிலிண்டர் முடிய அடுத்தது. ஆழத்தில் அமுக்கத்தால் இரத்தத்தில் கரையும் நைதரசன், அவசரமாக மேலே வரும்போது குமிழியாகிறது. நேற்று வரை கடலில் உழைத்தவர் இன்று கால் விளங்காமல் கிடக்கிறார். இதமான நீர் ஆபத்தில்லாத நீர் என்று நாம் நினைத்துவிட்டோம்.

எல்லையை இனி நாம்தான் வைக்க வேண்டும்: ஆழமும் நேரமும் கணக்கில் இருக்கட்டும். மெதுவாக மேலே வாருங்கள். 'இன்னொரு சிலிண்டர்' என்று முதலாளி கேட்டால் மறுக்கத் துணியுங்கள். கை கால் விறைத்தால், மீண்டும் கடலில் இறக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கடலை நம்பி வாழும் எம்மவர்களை அல்லாஹ் பாதுகாப்பானாக.